நத்தை குத்தி நாரையை ஏன் யாரும் படம் எடுப்பதில்லை?

ஏரிக்கரை

மழை தொடங்கிவிட்டால் வேடந்தாங்கல் படங்கள் குவிய ஆரம்பித்துவிடும். மஞ்சள் மூக்கு நாரையின் ரோஸ் நிற வால் இறகு, கூழைக்கடாவின் தொண்டைப் பை, கரண்டிவாயனின் கொண்டை எல்லாம் வரும். அதே கடப்ப மரத்தில், சில சமயம் அடுத்த கிளையிலேயே கூடு கட்டியிருக்கும் நத்தை குத்தி நாரை மட்டும் எந்தப் படத்திலும் நடுவில் நிற்காது. ஓரத்தில் பாதி உடல் வெட்டுப்பட்டுக் கிடக்கும்.

எனக்கு இது பெரிய ஆதங்கம். நம் ஊர் நீர்ப்பறவைகளில் இப்படி ஒரு அலகு வேறு எதற்கும் இல்லை. வாயை இறுக மூடினாலும் மேலலகும் கீழலகும் அடியிலும் நுனியிலும்தான் ஒட்டும். நடுவில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சந்து இருக்கும். சரியான கோணத்தில் பார்த்தால் அந்தச் சந்து வழியாக வானம் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் எங்கேயோ மோதி அலகு வளைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

இந்தப் பறவையைக் கூட்டில் நிற்க வைத்து எடுத்தால் அதன் சிறப்பு பிடிபடாது என்பது என் எண்ணம். வயலில், வேலை செய்யும்போது எடுக்க வேண்டும். எடுத்தவர்கள், பார்த்தவர்கள், பக்கத்திலேயே வாழ்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் பேசுங்கள்.

மாலைவெயில்

வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்கு அதை எடுக்கத் தோன்றியதே இல்லை. பாதி வருஷம் புகை படிந்த சாம்பல் நிறம். காலும் மங்கல், முகமும் வெறுமை. ஒரு ஃப்ரேமில் மஞ்சள் மூக்கும் இதுவும் சேர்ந்து நின்றால் கண் எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். வித்தியாசமான அலகு என்பதற்காக மட்டும் ஒரு படம் நல்ல படமாகிவிடுமா?

ஏரிக்கரை

சாம்பல் நிறத்தில் இருப்பது இனப்பெருக்கம் இல்லாத காலத்தில். கூடு கட்டும் நேரம் வந்ததும் உடம்பு நல்ல வெள்ளையாகிவிடும். கால் சிவக்கும். இறக்கையின் பெரிய இறகுகளையும் வாலையும் வெறும் கறுப்பு என்று நினைத்துவிடுகிறோம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். பறவை லேசாகத் திரும்பினால் பச்சை, இன்னும் கொஞ்சம் திரும்பினால் ஊதா. உச்சி வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு மங்கல் என்று சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம்.

சேற்றுக்கால்

நான் படம் எடுக்கிறவன் இல்லை. திருவாரூர் பக்கம் விவசாயம். எங்கள் ஊரிலிருந்து உதயமார்த்தாண்டபுரம் சரணாலயம் பக்கம்தான், அதனால் இந்த நாரை எங்களுக்கு வீட்டுக் கோழி மாதிரி பழக்கம்.

சம்பாவுக்குச் சேறடிக்கும்போது வரும். டிராக்டர் பின்னாலேயே ஓடி வருவது கொக்குதான், அதற்குப் பூச்சி வேண்டும். நத்தை குத்தி அப்படி ஓடாது. உழுது முடித்து, தண்ணீர் கொஞ்சம் தெளிந்த வயலில் நாலைந்தாக, சில நாள் நாற்பது ஐம்பதாக இறங்கி மெதுவாக நடக்கும். தலையைக் குனிந்து அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு இடத்தில் நின்றுவிடும். தலை தண்ணீருக்குள், கழுத்து மட்டும் குலுங்கும். சில நொடிதான். நிமிரும்போது அலகில் நத்தையின் சதை தொங்கும், ஓட்டைக் காணோம். தலையை இரண்டு தரம் உதறி விழுங்கிவிட்டு அடுத்த அடி வைக்கும்.

நான் சொல்ல வந்தது அந்த ஓட்டைப் பற்றி. அது நின்ற இடத்தில் போய்க் காலால் துழாவினால் நத்தை ஓடு கிடைக்கும். பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கும். உள்ளே சுத்தமாகத் துடைத்த மாதிரி. வாயை அடைத்திருந்த மூடி தனியாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் நத்தை சமைப்பதுண்டு. வேக வைத்த பிறகு ஊசியால் நோண்டி எடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இது பச்சை நத்தையைத் தண்ணீருக்குள் வைத்தே எடுக்கிறது. எப்படி என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்வேன்.

ஓட்டுமூடி

நல்ல கேள்வி சார். கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறேன், முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

இந்த அலகைப் பார்த்த எல்லோருக்குமே முதலில் தோன்றுவது, நத்தையை அந்தச் சந்தில் வைத்துப் பாக்குவெட்டியால் நெரிப்பதுபோல் நெரித்து உடைக்கும் என்பதுதான். ஜூலியன் ஹக்ஸ்லி என்ற பெரிய உயிரியலாளரே 1960-ல் அப்படித்தான் எழுதினார். அலகின் விளிம்பு சொரசொரப்பாக இருப்பதற்கு ஓட்டில் உரசித் தேய்ந்ததே காரணம் என்றும் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. நீங்கள் வயலில் எடுத்த முழு ஓடே அதற்குப் போதுமான சாட்சி. சின்ன நத்தைகளை நசுக்குவதோ அப்படியே விழுங்குவதோ உண்டு. பெரிய வயல் நத்தையை உடைப்பதில்லை.

பிலிப் காஹ்ல் என்ற அமெரிக்க ஆய்வாளர் உலகின் நாரை இனங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தவர். இந்த வகை நாரைகள் எப்படி இரை தேடுகின்றன என்று 1971-ல் விரிவாக எழுதினார். மேலலகின் நுனியால் நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கீழலகின் நுனி மெலிந்தது, கூரானது. அதை மூடிக்கு அடியில் செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்துவிடுகிறது. தசை அறுந்தால் உடல் மொத்தமும் வந்துவிடும். சந்தும் சொரசொரப்பான விளிம்பும் வழுக்குகிற உருண்டை ஓட்டைக் கையாள உதவுகின்றன என்பதுதான் இன்று பரவலான கருத்து. விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தால் மெல்லிய தூரிகை மயிர் போன்ற அமைப்பு தெரியும்.

இவ்வளவும் கலங்கிய தண்ணீருக்குள் நடக்கிறது. கண் உதவாது, தொட்டு உணர்ந்துதான் செய்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் நத்தையைப் பிடித்துவிடும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்டன் என்ற பறவையியலாளர் குறித்து வைத்திருக்கிறார்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு தகவல். கீழலகின் நுனி பல பறவைகளில் லேசாக வலப்பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் அது தெரியவே தெரியாது. பறவை உங்களை நேராகப் பார்க்கும் நொடியில் மட்டும்தான் தெரியும். அப்படி ஒரு தெளிவான படம் கிடைத்தால் என் வகுப்பில் காட்ட ஆசை.

மாலைவெயில்

சேற்றுக்கால் சார் எழுதியதையும் இதையும் சேர்த்துப் படித்த பிறகு எடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் எனக்குப் பிடிபடாத விஷயம் வேறு. வயலில் எடுத்தவர்கள் படங்களைப் பார்த்தால் அந்தச் சந்தே தெரிவதில்லை. எல்லாப் படத்திலும் சாதாரண நாரை மாதிரிதான் இருக்கிறது. கேமராவோடு வந்த கிட் லென்ஸ் பிரச்சினையா?

ஒளிமடை

லென்ஸ் பிரச்சினை இல்லை, பின்னணிப் பிரச்சினை. அலகு மங்கிய சாம்பல் நிறம். சந்துக்குப் பின்னால் வரப்பு, சேறு, கரும்பச்சைப் பயிர் என்று இருண்டதாக எது வந்தாலும் சந்து அதில் கரைந்துபோகும். அந்தச் சந்துக்குப் பின்னால் வெளிச்சம் இருக்க வேண்டும். இந்தப் பறவையைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தரையோடு படுத்து எடு என்று எல்லோரும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உப்பங்கழியில் உள்ளானுக்கு அது சரி. நெல் வயலில் படுத்தால் பறவையின் தலைக்குப் பின்னால் தூரத்து வரப்பும் தென்னந்தோப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் வரப்பில் உட்கார்ந்து, கண் உயரத்திலிருந்து எடுப்பேன். அப்போது பறவைக்குப் பின்னால் தண்ணீர் வரும், அந்தத் தண்ணீரில் காலை வானம் வெள்ளையாக விழுந்திருக்கும். நடவு முடிந்த வயலைவிடச் சேறடித்து நட்டுக்கொண்டிருக்கும் வயல் இதற்கு நல்லது, பயிர் மறைக்காது.

தலை பக்கவாட்டில் இருக்கும்போது மட்டும் ஷட்டரை அழுத்துங்கள். முக்கால் பக்கம் திரும்பிவிட்டால் சந்து மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கண்ணும் அலகு நுனியும் ஒரே தளத்தில் இருக்கும் என்பதால் லென்ஸ் துளை எஃப் 8 போதும், அதற்கு மேல் போக வேண்டியதில்லை. இரை தேடும்போது தலையை வெடுக்கென்று உதறும், அதற்கு ஆயிரத்தில் ஒரு நொடியாவது வேகம் வேண்டும். பறக்கும்போது இரண்டாயிரம் வையுங்கள்.

வெளிச்ச அளவு ரொம்ப முக்கியம். கேமரா சேற்றைப் பார்த்துவிட்டுப் படத்தைத் தூக்கிவிடும், முதுகின் வெள்ளை வெளுத்துப்போகும். வெளிச்ச அளவைக் குறைத்து மைனஸ் 0.7-ல் தொடங்கி, வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கறுப்பு இறகில் நிழல் விழுந்தாலும் கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் மீட்டெடுக்கலாம், வெளுத்த வெள்ளையை மீட்க வழியே இல்லை. ஒன்பது மணிக்கு மேல் வயலிலிருந்து ஆவி எழும்ப ஆரம்பித்தால் எந்த லென்ஸும் கூர்மை தராது. அப்போது கேமராவை மூடிவிட்டு வானத்தைப் பார்க்கலாம். அந்த நேரத்தில்தான் இவை வெப்பக்காற்றில் ஏறி வட்டமிடும்.

வன்னிக்குளம்

வணக்கம். நான் இலங்கையில், வன்னிப் பக்கம். எங்கட இடத்தில பெரும்போகத்துக்கு நாற்று நடுகிறது குறைவு, விதைப்புத்தான். மாரிமழை விழுந்து வயலில தண்ணி நிண்ட உடனே நத்தை குத்தி வந்திடும். கோடை முழுக்கக் காய்ஞ்ச மண்ணுக்குள்ள ஓட்டை மூடிக்கொண்டு கிடந்த நத்தை எல்லாம் மழைக்கு வெளியில வருகுது, அதுதான் காரணம். ஒளிமடை அண்ணா சொன்ன பின்னணி விசயம் குளத்திலயும் பொருந்தும். குளக்கட்டில மருத மரத்தின்ர பட்ட கொப்பில பின்னேரம் கூட்டமா வந்து இருக்கும். பின்னால வானம் மட்டும்தான். கறுப்பு உருவமா எடுத்தால் ஒவ்வொரு அலகிலயும் ஒரு வெளிச்சக் கீறு தெரியும். கறுப்பு உருவப் படத்தில நிறம் குறைவு என்ட குற்றச்சாட்டுக்கே இடமில்லை.

மாலைவெயில்

வன்னிக்குளம், அந்தப் படம் இருந்தால் போடுங்கள். வர்ணிப்பைப் படிக்கும்போதே எடுக்கத் தோன்றுகிறது.

கூட்டுநிழல்

வயலில் போய் உட்கார எல்லோருக்கும் முடியாது. நான் நினைப்பது குஞ்சுகளை எடுக்கலாம் என்று. குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது என்று படித்தேன். அப்பா அம்மாவுக்குச் சந்து, பிள்ளைக்கு நேரான அலகு, ஒரே ஃப்ரேமில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரியில் சரணாலயம் என்றெல்லாம் இல்லை, மரங்கள் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். பரிசலில் போனால் கூடு கண் எதிரே.

ஏரிக்கரை

யோசனை அருமை, பரிசல் வேண்டவே வேண்டாம்.

இவற்றின் குஞ்சுகள் வெயில் தாங்காது. பெற்றோரில் ஒன்று கூட்டின் மேல் இறக்கையைத் தளர்த்தி விரித்து நிழல் தந்துகொண்டே நிற்கும். பரிசல் நெருங்கினால் முதலில் எழும்பிப் பறப்பது அதுதான். நீங்கள் ஐந்து நிமிஷம் இருந்தாலும் ஒரு மரம் முழுக்கக் கூடுகள் திறந்து கிடக்கும், காகம் காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் திரும்பி வந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்று உங்கள் படத்தில் இருக்காது.

கரையிலிருந்தே எடுக்கலாம். வேடந்தாங்கலில் கரை மேல் நடந்துகொண்டே பார்க்கிறோம், யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. அப்படித்தான் அந்த ஊர் இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது. பறவைகளைச் சுடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுதி வாங்கியவர்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் விளைச்சல் நன்றாக வரும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, அங்கே கூடு கட்டுபவற்றில் நம் நத்தை குத்தியும் உண்டு. குழந்தைகள்கூட விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், நமக்கு ஒரு படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

கூட்டுநிழல்

நிழல் தரும் விஷயம் எனக்குத் தெரியாது. பரிசல் யோசனையை விட்டுவிடுகிறேன். கரையிலிருந்து அந்த வித்தியாசம் தெரியுமா?

ஓட்டுமூடி

கூட்டை விட்டு இறங்கும்வரை காத்திருங்கள். இங்கே தெற்கில் நவம்பரிலிருந்து மார்ச் வரை இனப்பெருக்கக் காலம். இரண்டு முதல் நான்கு முட்டை, 25 நாள் அளவில் பொரிக்கும், அதற்கு ஐந்து வாரம் போல ஆனால் குஞ்சு பறக்கத் தயார். பிப்ரவரி, மார்ச்சில் ஏரியின் ஆழமில்லாத ஓரங்களில் இளம்பறவைகள் பெரியவற்றோடு சேர்ந்து நிற்கும். உடம்பில் பழுப்பு ஏறிய சாம்பல், அலகு நேர். பக்கத்தில் பெரியது ஒன்று பக்கவாட்டில் நின்றால் நீங்கள் கேட்ட அதே ஃப்ரேம், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடைக்கும். வளர வளரச் சந்து தானாக உருவாகிறது. பாதி வளைந்த அலகோடு ஒன்றைப் பார்த்தால் கட்டாயம் எடுங்கள், அந்த இடைநிலைப் படங்கள் மிகக் குறைவு.

தெம்பனிஸ்காரன்

சிங்கப்பூரிலிருந்து. உங்களுக்கெல்லாம் சாதாரணமாகத் தெரியும் இந்தப் பறவை இங்கே 2013-ல்தான் முதலில் பதிவானது. 2019 கடைசியில் பெரிய கூட்டங்களாக வந்தபோது அடுக்குமாடி வீட்டுக்கு மேலேயே வட்டமிட்டன. பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஆட்களெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தை தாய்லாந்து வயல்களில் பெருகியதும் இந்த நாரைக்கு வருஷம் முழுக்க இரை கிடைத்தது, எண்ணிக்கை கூடி நாலா பக்கமும் பரவியது என்கிறார்கள். சீனாவின் யுனான் பக்கமும் இப்போது பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறிய எனக்கு, ஊரில் ஒருநாளும் நின்று பார்க்காத பறவையைச் சிங்கப்பூரின் கிராஞ்சிப் பகுதியில் சீன நண்பர்கள் ஆசை ஆசையாகக் காட்டியபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் தயவுசெய்து எடுங்கள், போடுங்கள்.

ஒளிமடை

பரவும் பறவைதான். தாய்லாந்தில் வளையம் போட்ட ஒன்று 1,500 கிலோமீட்டர் தள்ளி வங்கதேசத்தில் கிடைத்திருக்கிறது. கொக்கிலிருந்து தூரத்திலேயே பிரித்தறிய, பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், நாரை நீட்டிக்கொண்டு பறக்கும். இறங்கும்போது இன்னொரு அழகு இருக்கிறது. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று சரிந்து வரும். அந்த நொடியில் இறக்கை முழுக்க விரிந்திருக்கும். பறக்கும் படம் வேண்டுபவர்கள் அதற்குக் காத்திருங்கள். மேலே வட்டமிடும்போது கீழிருந்து எடுத்தால் வயிறுதான் கிடைக்கும்.

மாலைவெயில்

சரி, முடிவு செய்துவிட்டேன். திருவாரூர்ப் பக்கம் வருகிறேன். சேற்றுக்கால் சார், வயலில் இறங்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களா? என்னிடம் 400 எம்எம் வரை போகும் லென்ஸ்தான் இருக்கிறது. மறைந்து உட்காரத் துணிக்கூடாரம் ஒன்றும் இருக்கிறது, கொண்டு வரவா?

சேற்றுக்கால்

தாராளமாக வாருங்கள் தம்பி. வயலுக்குள் இறங்காதீர்கள், வரப்போடு நில்லுங்கள். யாருடைய வயலோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். நாற்றங்கால் பக்கம் மட்டும் போக வேண்டாம், மிதிபட்டால் நாற்று போச்சு.

கூடாரம் தேவைப்படாது. நடவு ஆட்கள் பக்கத்து வயலில் பேசிக்கொண்டு நட்டுக்கொண்டிருப்பார்கள், இது பாட்டுக்கு மேயும். ஆள் குனிந்து வேலை செய்தால் பயப்படாது, எழுந்து நேராகத் தன்னை நோக்கி நடந்தால்தான் கிளம்பும். வரப்பில் உட்கார்ந்தே இருந்தால் அதுவாகப் பக்கத்தில் வரும். சட்டை மட்டும் வெள்ளை வேண்டாம்.

மடையைத் திறந்து இரண்டு நாள் கழித்துச் சேறடிப்போம். அதற்கு மறுநாள் காலைதான் கூட்டம் இறங்கும். அன்றைக்கு முந்தின இரவே இங்கே எழுதிவிடுகிறேன். பூச்சிமருந்து அடித்த வயலில் எடுக்காதீர்கள், அங்கே அவை அதிகம் இறங்குவதும் இல்லை. நான் சில வருஷமாக நத்தைக்கென்று விஷம் எதுவும் வைப்பதில்லை. இளம் நடவை நத்தை கொஞ்சம் கடிக்கும்தான், ஆனால் இவை வந்து பொறுக்கிவிட்டுப் போவதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒளிமடை

400 எம்எம் தாராளம். வரப்பில் கிழக்குப் பார்த்து உட்காராதீர்கள், வெயில் எதிரே அடிக்கும். வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் ஒளி பக்கவாட்டில் வந்து இறகின் பச்சையும் கிடைக்கும், தண்ணீரில் வானமும் இருக்கும்.

ஓட்டுமூடி

போகும்போது ஒரு சின்ன டப்பா எடுத்துப் போங்கள். பறவை நகர்ந்த பிறகு, சேற்றுக்கால் சாரிடம் கேட்டு, அது போட்டுவிட்டுப் போன ஓடும் மூடியும் இரண்டு மூன்று பொறுக்கி வாருங்கள். ஓட்டின் வாய் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று கிட்டத்தில் ஒரு படம். அப்புறம் அந்த நேர்முகப் படத்தை மறந்துவிடாதீர்கள், கீழலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாலைவெயில்

குறித்துக்கொண்டேன். வடக்குப் பார்த்து, மைனஸ் 0.7, பக்கவாட்டில் நிறைய, நேராக ஒன்றாவது. டப்பாவும் எடுத்து வைத்துவிட்டேன். மடை திறந்ததும் சொல்லுங்கள் சார்.